மதிப்பெண்ணுக்குப் பரிசு, படிப்புக்குப் பணம்

கேள்வி: என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 552 வாங்கினாள். அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு ரூபாய்கூட உதவித்தொகை இல்லை. அதே வகுப்பில் 430 மதிப்பெண்ணோடு சேர்ந்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அரசுக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் எல்லோருடைய வரிப்பணத்திலும்தானே நடக்கின்றன? நன்றாகப் படித்தவருக்குக் கொடுப்பதுதானே நியாயம்?

பதில்: அரசு கலைக் கல்லூரியில் பாடம் நடத்தியதோடு உதவித்தொகை விண்ணப்பங்களையும் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். மாணவர் சேர்க்கை முடிந்த கையோடு இதே கேள்வியோடு யாராவது ஒரு பெற்றோர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண்ணுக்கு வரும் ஆயிரம் ரூபாய் நியாயமானது. ஆனால் உயர்கல்விக்கு அரசு செலவழிக்கும் மொத்தப் பணமும் பங்கிடப்படும் விதம் நியாயமானதல்ல. அநியாயம் நடக்கிறது என்ற உங்கள் எண்ணம் சரி. ஆளைத்தான் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் மகளின் கணக்கைப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று சிறு தொகைதான். ஆசிரியர் சம்பளம், கட்டடம், ஆய்வகம் எல்லாம் அரசின் செலவு. இந்தச் சலுகை உங்கள் மகளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே அளவுதான். அதற்கு மேல் அந்தப் பெண்ணுக்கு வருவது புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை உயர்கல்விக்கான உதவியாக மாற்றி 2022 செப்டம்பரில் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணும் கேட்பதில்லை, வருமானச் சான்றும் கேட்பதில்லை.

ஆக, அது பரிசு அல்ல. கல்லூரியில் சேர்ந்த பெண் இரண்டாம் பருவத்தில் நின்றுவிடாமல் இருப்பதற்கான செலவு. மாதம் ஆயிரம் இல்லாததால் எந்த ஊரில் எத்தனை பேர் பனியன் கம்பெனிக்கும் நூற்பாலைக்கும் போனார்கள் என்பதை வருகைப் பதிவேடு வைத்திருந்த எந்த ஆசிரியரும் சொல்வார். தேசிய அளவில் 28 விழுக்காட்டுச் சொச்சமாக இருக்கும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு என்று மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணிக்கையில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஏராளம். அவர்களைச் சேர்ப்பதைவிடத் தக்கவைப்பது கடினம்.

இப்போது பெரிய பணத்துக்கு வருகிறேன். நம் நாட்டின் மிகப் பெரிய உதவித்தொகைகளுக்கு உதவித்தொகை என்ற பெயரே கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்த மாணவர் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டுகிறார். நீட் தேர்வில் அவரைவிடச் சில மதிப்பெண் குறைந்தவர் சுயநிதிக் கல்லூரிக்குப் போகிறார். அரசு ஒதுக்கீட்டு இடமே ஆனாலும் லட்சக்கணக்கில் கட்டுகிறார், நிர்வாக ஒதுக்கீடு என்றால் பத்து லட்சத்துக்கு மேல். படிப்புக் காலம் முழுவதற்கும் கூட்டிப் பாருங்கள். அரசு இடம் என்பது பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள தகுதி உதவித்தொகை. அதற்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட ஆட்சியரின் மகனுக்கும் அவர் அலுவலகத்துக் கடைநிலை ஊழியரின் மகனுக்கும் அதே கட்டணம்தான்.

அந்த இடத்தைப் பிடிப்பது யார்? நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் இரண்டாவது, மூன்றாவது முறை தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தது. 2020-21-இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது. ஓராண்டை வீட்டில் உட்கார்ந்து கழிப்பதற்கும் கோச்சிங் கட்டணத்துக்கும் காசு உள்ள வீட்டுப் பிள்ளைதான் மறுபடி எழுத முடியும். அப்படியானால் அந்தத் தேர்வு அளப்பது மாணவரின் திறமையோடு தந்தையின் பொறுமையையும் பணப்பையையும் சேர்த்துத்தான். உச்ச நீதிமன்றமே 2022 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பற்றிய வழக்கில், போட்டித் தேர்வு மதிப்பெண் ஒன்றே தகுதி ஆகிவிடாது, சிலருக்குக் கிடைக்கும் சமூக, பொருளாதாரச் சாதகங்களை அது காட்டுவதில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-இலும் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அந்த மாணவர்களின் கட்டணத்தை, விடுதிக் கட்டணம் உள்பட, அரசே கட்டுகிறது. இடம் கொடுத்துவிட்டுக் கட்டணத்துக்கு அலையவிட்டிருந்தால் அந்த ஒதுக்கீடு காகிதத்தோடு நின்றிருக்கும்.

நிறுவனங்களுக்குப் போகும் பணத்திலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். 2024-25 மத்திய பட்ஜெட்டில் ஐஐடிகளுக்கு ஒதுக்கியது சுமார் 10,324 கோடி ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு 2,500 கோடி. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு ஆறாயிரம் கோடிக்கு மேல் இருந்ததிலிருந்து வெட்டப்பட்டது. நாட்டின் பெரும்பான்மை மாணவர்கள் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான். அவர்களுக்கான செலவில் பெரும்பங்கை மாநிலங்கள் தாங்குகின்றன, அல்லது தாங்காமல் விட்டுவிடுகின்றன. மதராஸ் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-இல் வருமான வரித் துறை முடக்கியது நினைவிருக்கும். சம்பளத்துக்கே தடுமாறிய பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே, கிண்டியில், பணத்துக்குப் பஞ்சமில்லாத ஐஐடி இருக்கிறது. தலைசிறந்த நிறுவனம் என்ற தகுதி தந்து, தேர்ந்தெடுத்த அரசு நிறுவனங்களுக்கு ஆளுக்கு ஆயிரம் கோடி வரை கொடுக்கும் திட்டமும் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரும் வந்தது. நிதிப் பங்கும் இட ஒதுக்கீடும் என்ன ஆகும் என்ற தகராறில் 2020-இல் மாநில அரசு வேண்டாம் என்றுவிட்டது.

ஆய்வு மாணவர்களின் மாதத் தொகையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஐஐடி போன்ற இடங்களில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 70,000 முதல் 80,000 ரூபாய். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவிக்குமான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை வென்றவருக்கு 37,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் அந்தத் தேர்வு வெற்றி இல்லாமல் ஆய்வு செய்பவருக்கு 8,000. பத்தாண்டுக்கு மேலாக அந்த எட்டாயிரம் எட்டாயிரமாகவே இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சொந்தக் காசில் ஆய்வு செய்பவர்களுக்கு அதுவும் இல்லை. எல்லோரும் வாங்கப்போவது ஒரே முனைவர் பட்டம். பத்து மடங்கு வித்தியாசத்தைத் தகுதி என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியுமா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உங்கள் மகளின் வகுப்புக்கே திரும்புவோம். அவளுக்குப் பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் மாதம் 25,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் அவர்களுக்குச் சொன்ன உச்ச அளவு 50,000. உங்கள் மகளிடமிருந்து யாராவது எதையாவது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது இங்கேதான். நிரந்தர ஆசிரியர் இல்லாத துறை, பொருள் இல்லாத ஆய்வகம், புதிய புத்தகம் வாங்காத நூலகம். பக்கத்து இருக்கைப் பெண்ணின் ஆயிரம் ரூபாயை நிறுத்தினாலும் இவற்றில் ஒன்றும் சரியாகாது.

சரி, மதிப்பெண்ணுக்கு மட்டுமே கொடுத்துப் பார்த்த ஊர் உண்டா? உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1993-இல் ஹோப் உதவித்தொகையைத் தொடங்கியது. பள்ளியில் 'பி' சராசரி வாங்கி, மாநிலத்தின் அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் இலவசம். முதல் ஆண்டில் குடும்ப வருமான வரம்பு 66,000 டாலர். அடுத்த ஆண்டு ஒரு லட்சம் டாலர். அதற்கடுத்த ஆண்டு வரம்பே இல்லை. நடுத்தர வர்க்கம் கொண்டாடியது. ஆளுநர் செல் மில்லருக்கு அரசியல் லாபம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சங்கதி. லாட்டரியிலிருந்து. வருமானத்தோடு ஒப்பிட்டால் லாட்டரிச் சீட்டில் அதிகம் செலவழிப்பது ஏழைகள். 'பி' சராசரியை அதிகம் வாங்குவது வசதியான வீட்டுப் பிள்ளைகள். அதோடு விட்டார்களா? ஏழை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் உதவி கிடைத்தால், அந்த அளவுக்கு ஹோப் தொகையைக் கழித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 2000 வரை அந்த விதி இருந்தது. அதாவது பரம ஏழைக்குப் புத்தகப் படி மட்டும் மிஞ்சியது. பணக்காரப் பையனுக்கு முழுக் கட்டணம். பொருளாதார அறிஞர் சூசன் டைனார்ஸ்கி ஆராய்ந்தபோது, கல்லூரிச் சேர்க்கை கூடியது உண்மை என்றும், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும், ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே இருந்த இடைவெளி விரிந்தது என்றும் கண்டார். எப்படியும் கல்லூரிக்குப் போகவிருந்த பிள்ளைகளின் வீட்டில் மிச்சமான பணம் என்ன ஆனது? ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கார்ன்வெல், மஸ்டர்டு என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் கார் பதிவுக் கணக்கை எடுத்துப் பார்த்து, உதவித்தொகை பெறுவோர் அதிகமுள்ள பகுதிகளில் கார் வாங்குவது கூடியிருக்கிறது என்று எழுதினார்கள். மாணவர்கள் சராசரியைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக் குறைவான பாடங்களை எடுப்பதும் கடினமான பாடத்தைப் பாதியில் விடுவதும் கூடியதை இன்னொரு ஆய்வு காட்டியது. 2011-இல் பணம் போதாமல் போனதும் என்ன செய்தார்கள்? மீண்டும் வருமான வரம்பு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மதிப்பெண் வரம்பை உயர்த்தி, பள்ளியில் நான்குக்கு 3.7 சராசரியும் சாட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1,200-ம் வாங்கியவர்களுக்கு முழுத் தொகை, மற்றவர்களுக்குக் குறைந்த தொகை என்று பிரித்தார்கள். ஒரு சலுகையை நடுத்தர வர்க்கம் தன்னுடையது என்று நினைத்துவிட்டால் அதற்கு வருமான வரம்பு போடும் துணிச்சல் எந்த அரசியல்வாதிக்கும் வராது. அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

லாட்டரிப் பணம் இலங்கையிலும் படிப்புக்குப் போகிறது. அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி 1981-இல் தொடங்கிய மகாபொல நிதியம்தான் அங்கே பல்கலைக்கழக மாணவர் உதவிக்கு முதுகெலும்பு. ஆனால் அங்கே பெருவாரியான உதவித்தொகை குடும்ப வருமானம் பார்த்துத்தான். திறமைக்கென ஒதுக்குவது சிறு பங்கு. ஜார்ஜியாவைவிட நல்ல யோசனை. இலங்கையில் தமிழருக்குக் கசந்தது அதற்கும் முந்தைய சங்கதி, மதிப்பெண்ணைத் திருத்தி எழுதிய தரப்படுத்தல். 1971-இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் படிப்புக்குத் தமிழ்வழி மாணவர் 250 புள்ளி வாங்க வேண்டும், சிங்கள வழி மாணவருக்கு 227 போதும் என்று வைத்தார்கள். அது அப்பட்டமான பாகுபாடு. பின்னால் மாவட்டம் பார்க்கும் முறை வந்து, இன்று மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 விழுக்காடு நாடு தழுவிய தகுதி, 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகை, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிக்கிறார்கள். பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மன்னாரும் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வவுனியாவும் இருக்கின்றன. முன்னதில் பிள்ளை எந்த மொழியில் எழுதினான் என்று பார்த்தார்கள்; பின்னதில் அவன் ஊரில் எப்படிப்பட்ட பள்ளி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோரைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும்.

யாரோடு ஒப்பிட்டுத் தகுதியை அளக்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. நம்மிடமே நல்ல முன்மாதிரி ஒன்று பல காலமாக இருக்கிறது, யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எழுதுவது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள். கிராமத்துப் பிள்ளை தன் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடுதான் போட்டியிடுகிறது, சென்னைக் கோச்சிங் மையத்தோடு அல்ல. தொகைதான் கேலிக்கூத்து: ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனாய்வுத் தேர்வு இதைவிடப் பரவாயில்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது திறமையை வைத்து, போட்டியோ ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்களுக்குள். பல்கலைக்கழக உதவித்தொகைக்கும் இந்த அமைப்புதான் பொருந்தும் என்பது என் கட்சி. கொடுக்கும் தொகையை மட்டும் குடும்ப நிலைக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டும்.

இதில் சிக்கல், ஏழை யார் என்பதில் அரசுக்கே ஒரே எண்ணம் இல்லை. பட்டியல் சாதி மாணவருக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வேண்டுமானால் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரி மாணவருக்கான மத்திய உதவித்தொகைக்கு நாலரை லட்சம். ஐஐடியில் ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் கல்விக் கட்டணம் முழு விலக்கு, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான பத்து விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கோ எட்டு லட்சம் வரை நலிந்தவர்தான். ஆண்டுக்கு மூன்று லட்சம் வருமானமுள்ள பட்டியல் சாதிக் குடும்பத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. ஏழரை லட்சம் உள்ள முன்னேறிய சாதிக் குடும்பம் நலிந்த பிரிவு. இதை வரையறுத்தவர்கள் இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வருமானச் சான்றின் நம்பகத்தன்மை வேறு. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, மறைக்க முடியாது. கடை வைத்திருப்பவர் எழுபத்திரண்டாயிரம் என்று சான்று வாங்கிக்கொண்டு காரில் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இதனால்தான் அரசுப் பள்ளியில் படித்தாயா என்ற கேள்வி வருமானச் சான்றைவிட எனக்கு நேர்மையானதாகத் தெரிகிறது. ஏழாண்டுகள் அரசுப் பள்ளியில் உட்கார்ந்து யாரும் ஏழை வேஷம் போட மாட்டார்கள். ஆனாலும் அதில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளைச் சிறிய மெட்ரிக் பள்ளியில் சேர்த்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் ரூபாய் கிடையாது. நீங்களும் அப்படிப்பட்ட நிலையில் இருப்பவரானால் உங்கள் மனக்குறையில் முழு நியாயம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன்.

2010-இல் தொடங்கிய முதல் பட்டதாரிச் சலுகையும் இதே ரகம். கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாயை அரசு கட்டுகிறது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது ஏணி. ஆனால் வருமான வரம்பு இல்லாததால் படிக்காத பெரிய வியாபாரியின் மகனுக்கும் கிடைக்கும், பி.ஏ. படித்துவிட்டு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவரின் மகளுக்குக் கிடைக்காது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் என்பதால் அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்கு இல்லை. பெரும்பாலும் அண்ணன்தான் வாங்குகிறான்.

தொகையைவிடச் சில நேரம் தேதி முக்கியம். 2024-இல் உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டிய 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் புரட்ட முடியவில்லை, இடம் போனது. உச்ச நீதிமன்றம், முழு நீதி வழங்கத் தனக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. பட்டியல் சாதி மாணவரான அவருக்கு உள்ளே போனபின் கல்விக் கட்டணமே கிடையாது! வாசலைத் தாண்டுவதற்கான பணம் மட்டும் முன்கூட்டியே வேண்டும். நம் கல்லூரிகளிலும் கட்டணம் கட்டுவது ஜூனில் என்றால் உதவித்தொகை வருவது அடுத்த மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களுக்கு வட்டிக்காரர்தான் உதவித்தொகை அலுவலர்.

மதிப்பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கும் உதவித்தொகைகளை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் கணினிப் பொறியியலுக்கு ஓடும் காலத்தில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நல்ல மாணவர்களை இழுக்க மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் ஒதுக்குகிறது. தேர்வு வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் இருந்து அடிப்படை அறிவியல் எடுத்தவர்களுக்கு, வருமானம் பார்ப்பதில்லை. மாணவரின் முடிவை அது மாற்றுகிறது, அதனால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. யாருடைய முடிவையும் மாற்றாமல், வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பின்னால் தட்டிக்கொடுக்கும் பணத்தைத்தான் கேள்வி கேட்கிறேன்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்யக்கூடியது இது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள், பாதி மாணவியருக்கு. பட்டப்படிப்புக் காலத்தில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேர்வு வாரியத்தில் முதல் இருபது விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 80 விழுக்காடு மதிப்பெண் என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு இது கிடையாது, எனவே அந்தப் பெண் இதில் உங்கள் மகளுக்குப் போட்டியே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரி அளவிலான சரிபார்ப்பு முடிந்ததா என்று அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்று வீட்டில் இருந்துவிடுவதால்தான் பாதிப் பேருக்குக் கிடைக்காமல் போகிறது.